இருபத்துமூன்றாம் வினாடி

இசக்கிமுருகன் காணாமல் போய் நாற்பத்தொரு மணி நேரம் ஆகியிருந்தது. அந்த அலுவலகத்தில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தும் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். பிருந்தா மட்டும் உட்கார்ந்திருந்தாள். எழுந்தால் எல்லோர் கண்ணும் தன் மேல் விழும் என்று இருந்தது அவளுக்கு.

பாளையங்கோட்டையில் சோலார் பண்ணைகளுக்கு நிலம் பார்த்துக் குறித்துக் கொடுக்கிற அலுவலகம் அது. முதலாளி நெல்லையப்பன் அண்ணாச்சி. இசக்கிமுருகன் அங்கே மூத்த சர்வேயர். முப்பது வருஷம் வெயிலில் நடந்து கறுத்த மனிதர். செவ்வாய்க்கிழமை மத்தியானம் தன் பைக்கை எடுத்துக்கொண்டு மூலைக்கரைப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஆனைப்பொத்தைக்குப் போனார். மொட்டைப் பாறைக்குன்று, சுற்றிலும் முள் அடர்ந்த உடைமரக்காடு. அதுதான் பொத்தை. சாயங்காலம் அவருடைய பட்டன் போனிலிருந்து அலுவலகத்துக்கு ஓர் அழைப்பு வந்தது. பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்து கிடப்பதாகச் சொன்னார். கையிலிருந்த ஜி.பி.எஸ். கருவியைப் பார்த்து இடத்தின் எண்களைச் சொன்னார். அத்தோடு இணைப்பு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் போன் அணைந்திருந்தது.

எண் காட்டிய இடத்துக்குப் போனார்கள். பள்ளமும் இல்லை, மனிதரும் இல்லை, அவருடைய பைக்கும் இல்லை. ஒரு ஜீப்பின் டயர்த் தடம் மட்டும் கிடந்தது. நிலத்தரகர் ராஜதுரையிடம் ஒரு ஜீப் உண்டு. போன வாரம்தான் அவர் இசக்கிமுருகனைப் பார்த்து, "உன் காலை ஒடிக்கேன் பாரு" என்று தெரு கேட்கச் சத்தம் போட்டிருந்தார். போலீஸுக்கு அது போதுமாக இருந்தது. தரகர் நேற்றிலிருந்து ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார். இசக்கிமுருகன்தான் கிடைக்கவில்லை.

அதனால்தான் அண்ணாச்சி விஜயஸ்ரீயை வரவழைத்திருந்தார்.

பாளை மார்க்கெட்டில் ஒரு கவரிங் கடைக்கு மேலே மாடியறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிறவர் விஜயஸ்ரீ. கைத்தறிச் சேலை, மணிக்கட்டில் ஆண்கள் கட்டுகிற பெரிய கடிகாரம். கேள்வி கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை கண்ணை எடுக்கமாட்டார். அவருடைய உதவியாளன் தாஜ் முகம்மது மேலப்பாளையத்துக்காரன். அவன் வாய் சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

"கடத்துனவன் எதுக்கு அண்ணாச்சி போன் பேச விட்டான்?" என்றார் விஜயஸ்ரீ. "பேச விட்டு, கிடக்குத இடத்தையும் சொல்ல விட்டு, அப்புறமா தூக்கிட்டுப் போனானாக்கும்?"

"டவுன் பஸ் வர நேரம் இருந்திருக்கும்க்கா" என்றான் தாஜ்.

அண்ணாச்சி அவனை ஒரு பார்வை பார்த்தார். "யோவ், மனுஷன் உசுரு ஊசலாடுது. நீரு வேற."

"உசுரோட இருக்காருன்னு நம்புதேன், அதான் சிரிக்கேன். இல்லாட்டி சிரிப்பு வருமா அண்ணாச்சி?"

"போனை எடுத்தது யாரு?" என்றார் விஜயஸ்ரீ.

எல்லோரும் பிருந்தாவைப் பார்த்தார்கள். புவியியல் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு இங்கே சேர்ந்து இரண்டு வருஷம். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே அவளுக்குக் காது சூடாகிவிடும். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "வடக்கு எட்டு டிகிரி, முப்பத்துநாலு நிமிஷம், இருபத்துமூணு வினாடி." கிழக்கு எண்ணையும் சொன்னாள்.

"இப்படியேதான் சொன்னாரா?"

"ஆமா மேடம்."

கணக்குப்படி அது பொய் இல்லை. அதனால்தான் அவ்வளவு எளிதாக வாயிலிருந்து வந்தது.

"போன்ல நம்பர் சொன்னா, கேட்டவங்க அப்படியே திருப்பிச் சொல்லணும். இசக்கிமுருகன் போட்ட சட்டம் அது" என்றார் அண்ணாச்சி. "நான் கேட்டாலும் சரி, திருப்பிச் சொல்ல வச்சிருவாரு."

"திருப்பிச் சொல்லியாச்சா?"

"அதுக்குள்ள கட்டாயிட்டு மேடம்."

அதுவும் பொய் இல்லை.

விஜயஸ்ரீ கடிகாரத்தைத் திருகினார். "அவர் கையில இருந்த கருவி பழசா, புதுசா?"

பிருந்தா மேஜை இழுப்பறையைப் பார்த்தாள். எங்கே வந்துவிடக் கூடாது என்று இரண்டு நாளாகப் பயந்தாளோ, பேச்சு அங்கே வந்துவிட்டது.

கருவி புதிது. இரண்டு வாங்கியிருந்தார்கள், போன வாரம். வாங்கலாம் என்று சொன்னவள் பிருந்தா. எதை வாங்கலாம் என்று தேடியவளும் அவள்தான். பெட்டியைப் பிரித்த அன்று எல்லோரையும் உட்கார வைத்துக் கால்மணி நேரம் பேசினாள். அந்த அலுவலகத்தில் அவள் குரலை அவ்வளவு நேரம் யாரும் கேட்டதில்லை. பழசு செங்கல் மாதிரி கனக்கும், இது உள்ளங்கைக்குள் அடங்கும். பழசில் கறுப்பு வெள்ளை, இதில் வண்ணம். பழசை வெயிலில் வைத்துவிட்டு டீ குடித்து வரலாம்; இது தலையைத் தூக்கிய உடனே சாட்டிலைட்டைப் பிடித்துவிடும். எண்கள் கட்டைவிரல் பருமனில் தெரியும். பேசி முடித்ததும் அண்ணாச்சி கைதட்டினார்.

இசக்கிமுருகன் மட்டும் கருவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "ஏம்மா, பழசும் புதுசும் ஒண்ணுதானே? நான் புதுசா ஒண்ணும் படிக்க வேண்டாமே?"

"ஒண்ணுதான் சார்" என்றாள் பிருந்தா. கைதட்டல் இன்னும் காதில் இருந்தது.

"இன்னொண்ணு எங்க?" என்றார் விஜயஸ்ரீ.

மேஜை இழுப்பறையில் இருந்தது. திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் காகிதத்தைக்கூட இன்னும் உரிக்கவில்லை. தாஜ் வாங்கி எடை பார்த்தான். "சோப்பு டப்பா கணக்கா இருக்கு. இதை நம்பியா ஒரு மனுஷன் காட்டுக்குள்ள போனாரு?"

"பழசையும் எடு" என்றார் விஜயஸ்ரீ. "மொட்டைமாடிக்குப் போவோம்."

மாடிக் கைப்பிடிச்சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். புதுசு கண் சிமிட்டும் நேரத்தில் எண்ணைக் காட்டியது. பழசின் திரையில் ஒரு மணல்கடிகாரம் கவிழ்ந்து கவிழ்ந்து நிமிர்ந்தது.

"பழசு இன்னும் பல்லு விளக்கிட்டு இருக்கு" என்றான் தாஜ்.

பொறுமையாக நின்றார்கள். கடைசியில் பழசும் எண்ணைக் காட்டியது. விஜயஸ்ரீ குனிந்து ஒவ்வொன்றாக வாசித்தார்.

"பழசு எட்டு, நாப்பத்துமூணு, பன்னெண்டு. புதுசு எட்டு, நாப்பத்துமூணு, இருபது." நிமிர்ந்தார். "ரெண்டும் ஒரே சுவத்துலதானே உக்காந்திருக்கு?"

"வயசானவங்க கொஞ்சம் குறைச்சுத்தான் சொல்லுவாங்கக்கா."

விஜயஸ்ரீ சிரிக்கவில்லை. புதுக் கருவியை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். தள்ளிப் பிடித்தார். வெயிலுக்குச் சாய்த்தார். நாற்பத்துமூன்றுக்கும் இருபதுக்கும் நடுவில் நகத்தை வைத்தார். "இது என்ன, தூசியா?"

பிருந்தா துப்பட்டா நுனியால் துடைத்தாள். போகவில்லை. பிளாஸ்டிக்கை உரித்துவிட்டுத் துடைத்தாள். அப்போதும் போகவில்லை. பெரிய பெரிய எண்களின் காலடியில் கசகசா அளவுக்கு ஒரு புள்ளி.

"வினாடியே இல்ல இது" என்றார் விஜயஸ்ரீ. "பழசு ஒரு நிமிஷத்தை அறுபதா வெட்டுது. புதுசு அதே நிமிஷத்தை நூறா வெட்டுது. நூத்துல இருபது, அறுபதுல பன்னெண்டு. ரெண்டும் ஒரே இடம். இசக்கிமுருகன் புது நம்பரைப் பாத்து, பழைய பழக்கத்துல புள்ளி இல்லாம மூணு எண்ணா வாசிச்சிருக்காரு. நீங்க வினாடின்னு எடுத்துக்கிட்டீங்க. இல்லாத இடத்துல போய்த் தேடியிருக்கீங்க."

"அப்போ ராஜதுரை?" என்றான் தாஜ்.

"காலை ஒடிக்கேன்னாரு. கால் அதுவா ஒடிஞ்சிட்டு. ஸ்டேஷன்ல உக்காந்து அவரே ஆச்சரியப்பட்டுட்டு இருப்பாரு."

பிருந்தா கைப்பிடிச்சுவரைப் பிடித்துக்கொண்டாள். *ஒண்ணுதான் சார்.* அவர் கேட்ட ஒரே கேள்வி அது. கருவியின் செட்டிங்ஸில் பழைய முறைக்கு மாற்றிக் கொடுத்திருந்தால் அரை நிமிஷ வேலை. மாற்ற வேண்டும் என்று தெரிந்திருந்தால்.

அதோடு முடியவில்லை. அந்தப் புள்ளியைப் பார்த்த அதே கணத்தில் வேறொன்றும் அவளுக்குப் புரிந்துவிட்டது. இரண்டு நாளாகக் கணக்குப்படி சரியாக இருந்த ஒன்று இப்போது சரியில்லை. அது இந்த மாடியில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தாள்.

அண்ணாச்சி மூச்சு வாங்க மாடியேறி வந்திருந்தார். தாஜ் சொன்னதைக் கேட்டார். பிருந்தாவின் அருகே வந்தார். "விடும்மா. சின்னப் பிள்ளை நீ. இத்துனூண்டு புள்ளி, எவன் கண்ணுக்குத் தெரியும்? இனி யாரும் இவளை ஒண்ணும் சொல்லக் கூடாது, சொல்லிட்டேன்."

ஒரு தப்புக்கு மன்னிப்புக் கிடைத்த கையோடு இரண்டாவதை எடுத்து வைக்க அவளுக்கு நா எழவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

விஜயஸ்ரீ அதற்குள் எஸ்.ஐ.யிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "முப்பத்துநாலு புள்ளி இருபத்துமூணு சார். புள்ளி. ஆமா. முந்தின இடத்துல இருந்து தெக்க முந்நூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவா வரும். நாங்களும் வந்துட்டே இருக்கோம்."

முந்நூறு மீட்டர்தானே என்று பிருந்தா தனக்குள் சொல்லிக்கொண்டாள். நிறையப் பேர் போவார்கள். பரவலாகத் தேடுவார்கள். எப்படியும் கண்ணில் பட்டுவிடுவார்.

அண்ணாச்சியின் ஜீப்பில் போனார்கள். மழை முடிந்த மார்கழி. வயலெல்லாம் பச்சை, வழியில் பார்த்த குளமெல்லாம் கரை தொட்டுக் கிடந்தது. கிடை மாற்றிப் போகிற ஆடுகள் சாலையை அடைத்துக்கொண்டு நகர்ந்தன. தாஜ் தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, கொஞ்சம் ஓரமா" என்று கிடாயிடம் கேட்டுக்கொண்டான். நெல்லையப்பன் அண்ணாச்சிக்கே உதட்டோரம் லேசாக அசைந்தது.

பிருந்தா மடியில் பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். அவள் மனக்கணக்கில் புலி. இப்போது ஒரு கணக்குப் போட்டால் போதும், எல்லாம் தெரிந்துவிடும். அதனால் போடவில்லை. தொலைவில் ஆனைப்பொத்தை தெரிந்தபோது கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது பொத்தையின் தெற்குச் சரிவோரம் துருப்பிடித்த ஒரு பலகை கடந்தது. கைவிட்ட கல்குவாரி.

"எச்சரிக்கைன்னு போட்டிருக்கான்" என்றான் தாஜ். "எதுக்குன்னு மட்டும் மழை அழிச்சிட்டு."

ஜீப் பொத்தையைச் சுற்றிக்கொண்டு வடக்கே போனது. புதுக் கருவி விஜயஸ்ரீயின் கையில் இருந்தது. திரையில் அம்பு ஒன்று வழி காட்டியது. வண்டியை நிறுத்தி, அம்பைப் பார்த்தபடியே நடந்தார்கள். உடைமரங்கள் முடிந்தன. அம்பு நேரே போகச் சொன்னது.

நேரே போக முடியாது. எதிரே குளம்.

நிறைகுளம். போலீஸ்காரர்கள் ஏற்கெனவே கரையில் நின்றிருந்தார்கள். குறித்த இடம் கரையிலிருந்து ஐம்பதடி உள்ளே, தண்ணீருக்கு நடுவில் இருந்தது.

"அக்கா" என்றான் தாஜ் மெதுவாக. "நம்ம கணக்கு முங்கிட்டு."

யாரும் சிரிக்கவில்லை. எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "பள்ளம்னு அவர் சொன்னது குளத்துப் பள்ளமா இருக்கும் மேடம். மழைத் தண்ணி ராவோட ராவா ஏறியிருக்கு. தீயணைப்பு ஆளுங்களுக்குச் சொல்லிட்டேன்."

அவர்கள் வந்துவிட்டிருந்தார்கள். இரண்டு பேர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் நீளமான கம்பின் நுனியில் கொக்கி மாட்டினார்.

விஜயஸ்ரீ கரைமேல் தனியே நின்றார். பிருந்தா அவருக்குப் பின்னால் நின்றாள். விஜயஸ்ரீ திரும்பாமலே பேசினார். தமக்குத்தாமே பேசுகிறாரா, தன்னிடம் பேசுகிறாரா என்று பிருந்தாவுக்குத் தெரியவில்லை.

"கருவி தப்பு சொல்லல. புள்ளியையும் கண்டுபிடிச்சாச்சு. தண்ணிக்குள்ள கிடக்கவர் பள்ளத்துல கிடக்கேன்னு போன் பேசமாட்டாரு. அப்போ மிச்சம் என்ன? நம்பர்தான்." கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "இதுல வினாடி முள்ளு அம்பத்தொம்போதோட திரும்பிரும். அந்தக் கருவி தொண்ணூத்தொம்போது வரைக்கும் போகும். அவர் மட்டும் எழுபது, தொண்ணூறுன்னு எதையாவது சொல்லியிருந்தா, அன்னைக்கே உங்க எல்லாருக்கும் முழிப்பு வந்திருக்கும். நம்ம கெட்ட நேரம், இருபத்துமூணுன்னு அமைஞ்சிட்டு."

பிருந்தா அந்தக் கணக்கைப் போட்டாள். போடாமல் இருக்க முடியவில்லை. ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. இங்கிருந்து முக்கால் கிலோமீட்டர், தெற்கே. பொத்தைக்கு அந்தப் பக்கம். துருப்பிடித்த பலகை.

செவ்வாய்க்கிழமை போனில் அந்த எண்ணைக் கேட்டதும் அவளுக்கு அவருக்காக வெட்கமாக இருந்தது. வலியில் உளறுகிறார் என்று நினைத்தாள். முப்பது வருஷ சர்வேயர் இப்படிச் சொன்னார் என்றால் மற்றவர்கள் பின்னால் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, யாருக்கும் தெரியாமல் அதை ஒழுங்கு பண்ணி எழுதினாள். படித்த படிப்பு அதற்குப் போதுமாக இருந்தது.

கரைமேல் ஒரு பெண் வேகமாக நடந்து வந்தாள். காலில் செருப்பு இல்லை. இசக்கிமுருகனின் மனைவி தங்கத்தாய். யாரோ பைக்கில் கூட்டிவந்து விட்டிருந்தார்கள். கயிறு கட்டிய ஆட்களையும் தண்ணீரையும் பார்த்தாள். அழவில்லை. கையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு இருந்தது.

"வாசிக்குத கண்ணாடி" என்று விஜயஸ்ரீயிடம் நீட்டினாள். "அன்னைக்கு மறந்துட்டுப் போயிட்டாவ. கிட்டத்துல உள்ளது ஒண்ணும் தெரியாது அவியளுக்கு. கிடைச்சதும் கேப்பாவ, அதான் கொண்டாந்தேன்."

விஜயஸ்ரீ கூட்டை வாங்கித் திறந்து பார்த்தார். பெரிய எண்கள் தெரிந்திருக்கும். கசகசாப் புள்ளி தெரிந்திருக்காது. கூட்டை மூடினார்.

தங்கத்தாய் பிருந்தாவைப் பார்த்துவிட்டாள். கிட்டே வந்து கையைப் பிடித்தாள். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

"நீதானம்மா அவியட்ட கடைசியா பேசுனது? நீ கெட்டிக்காரி, எல்லாத்தையும் கரெக்டா எழுதி வைப்பேன்னு வீட்டுல சொல்லுவாவ. என்னைய ஏதாவது கேட்டாவளா? ஒரு வார்த்தை?"

தண்ணீருக்குள் முதல் ஆள் இறங்கினார். கொக்கிக் கம்பு தண்ணீரில் சளக்கென்று விழுந்தது.

"சார் குளத்துல இல்ல" என்றாள் பிருந்தா.

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். தங்கத்தாயின் கை இறுகியது. விஜயஸ்ரீ திரும்பினார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஆச்சரியமும் இல்லை. எவ்வளவு நேரமாக இதற்குக் காத்திருந்தாரோ.

"சத்தமா சொல்லு" என்றார். "கயிறு கட்டுனவங்களுக்கும் கேக்கணும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எஸ்.ஐ., அண்ணாச்சி, இடுப்பளவு தண்ணீரில் நின்ற ஆள். தாஜ் முகம்மது வாயை மூடிக்கொண்டு நின்றான். பிருந்தாவின் காது கொதித்தது. கையை உருவிக்கொள்ளப் பார்த்தாள், தங்கத்தாய் விடவில்லை.

"தெக்க தேடுங்க. பொத்தைக்கு அந்தப் பக்கம், கல்குவாரியில."

"எதை வச்சும்மா சொல்லுதே?" என்றார் அண்ணாச்சி.

அவள் தங்கத்தாயின் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

"சார் முப்பத்துமூணு, எண்பத்துமூணுன்னுதான் சொன்னாரு. வினாடி அறுபதைத் தாண்டாதேன்னு, அதுல அறுபதைக் கழிச்சு, நிமிஷத்துல ஒண்ணைக் கூட்டி, முப்பத்துநாலு இருபத்துமூணுன்னு நான்தான் மாத்தி எழுதுனேன்."